ஐந்தாம் பாகம் படிக்காதவன்

கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைக் கரைத்துக் குடித்தவன் என்று மும்பை கோவண்டியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியதில் பெரும்பங்கு என்னுடையதுதான். காலையில் வி.டி. போகும் ஹார்பர் லைன் வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீரநாராயண ஏரிக்கரையில் கதையை ஆரம்பித்தேன் என்றால், குர்லாவில் கூட்டம் ஏறி என் வாயை அடைக்கும்வரை விடமாட்டேன். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தவன் நான். எங்கள் சால் குடியிருப்பில் தமிழ் பேசும் பிள்ளைகள் நிறைய; எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. நான் பண்டிதனானது அப்படித்தான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது நாலு பாகம். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம் நாலையும் ஒரு சங்கத்துப் படிப்பறையிலிருந்து இரவல் வாங்கிப் படித்தேன். ‘தியாக சிகரம்’ மட்டும் எப்போது போனாலும் யார் வீட்டிலோ இருந்தது. பேரேட்டில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருந்தேன். அதற்குள் பத்தாம் வகுப்புத் தேர்வு வந்தது, வேலை வந்தது, கல்யாணம் வந்தது. பாகம் வரவில்லை.

ஆனால் முடிவு எனக்குத் தெரியும். அம்மா சொல்லியிருந்தாள். ஊரில் இருந்தபோது, பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த கட்டில் முழுக்கப் படித்தவள் அவள். மறுநாள் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டே சொன்னாள்: “அருள்மொழி மகுடத்தத் தூக்கிச் சித்தப்பன் தலையில வச்சிட்டான். வந்தியத்தேவன் குந்தவையக் கட்டிக்கிட்டான். கடம்பூர்ப் பிள்ள மணிமேகலைய ஒரு நல்ல இடத்துல கட்டிக் குடுத்தாங்க. ரெண்டு பிள்ளைங்க.” அம்மாவுக்குக் கடம்பூர் என்றால் கோவில்பட்டிக்குப் பக்கத்திலிருக்கும், போளிக்குப் பேர்போன கடம்பூர்தான். கல்கி சொல்லும் சம்புவரையர் கடம்பூர் காட்டுமன்னார்கோவில் பக்கம் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. அதுவரைக்கும் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட மாளிகையை ஒரு போளிக்கடைக்கு எதிரில்தான் மனசில் கட்டிவைத்திருந்தேன்.

இப்படிப்பட்ட நான்தான், நாவலைப் படமாக்கினால் ஒரு வரி பிசகக்கூடாது என்று சொல்லித் திரிந்தேன்.

‘மோகமுள்’ளில் ஆரம்பித்தது. தி. ஜானகிராமனின் நாவலை ஞான ராஜசேகரன் 1995-ல் படமாக்கினார். யமுனாவாக நடித்தவர் அர்ச்சனா ஜோக்லேகர், மராட்டிக்காரர். அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவுடன் நான் கத்த ஆரம்பித்துவிடுவேன். “தஞ்சாவூர்ப் பெண் வேஷத்துக்கு மராட்டிப் பெண்ணா? தமிழ்நாட்டில் ஆளே இல்லையா?” மாட்டுங்காவிலிருந்து வரும் ஒரு பெரியவர், தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே, “ஏம்ப்பா, யமுனாவோட அம்மா யாரு?” என்று கேட்டார். பார்வதிபாய் என்றேன். சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. தஞ்சாவூர் மராட்டிக் குடும்பத்தில் பிறந்தவள்தான் யமுனாவின் தாய். கதையே அதைச் சுற்றித்தான் நடக்கிறது. அவளுக்கு வரன் தட்டிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். பாதி மராட்டியான ஒருத்திக்கு மராட்டி முகத்தைத் தேடிப்பிடித்த இயக்குநரை, சுற்றிலும் மராட்டி கேட்கிற கோவண்டியில் உட்கார்ந்துகொண்டு நான் திட்டியிருக்கிறேன். பெரியவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஊறுகாய் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

அதிலாவது அடங்கியிருக்கலாம். ஒரு பொங்கல் விழாவுக்கு ‘பொன்னியின் செல்வ’னை நாடகமாகப் போடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பாட்டுக் கச்சேரி. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாததால் வசனத்தைத் தேவநாகரியில் எழுதிக்கொடுத்தேன். பழுவேட்டரையர் ஒத்திகை முதல் நாளே பலுவேட்டரையர் ஆனார். மூச்சு விடாமல் தமிழ் பேசத் தெரிந்த பையன் ஒருவன்தான் இருந்தான். ஆகவே ஆழ்வார்க்கடியானையும் சேந்தன் அமுதனையும் ஒரே ஆளாக்கினேன். ஒருவர் வீர வைஷ்ணவர், இன்னொருவர் தேவாரம் பாடும் சிவபக்தர். பையன் நெற்றியில் விபூதியும் போட்டு அதன் நடுவில் நாமமும் இழுத்தோம். முன்பாதியில் உருகி உருகிச் சிவனைப் பாடியவன், பின்பாதியில் தடியைத் தூக்கிக்கொண்டு சைவர்களை அடிக்கப் போனான். வந்தியத்தேவன் குதிரைக்கு ஜூஹு கடற்கரையில் வாடகை விசாரித்தோம், மயக்கம் வந்தது. தேங்காய்ச் சிரட்டைச் சத்தத்தோடு நிறுத்திக்கொண்டோம். மணிமேகலைக்குப் பெண்பிள்ளை கிடைக்கவில்லை, வெட்டிவிட்டேன். கல்யாணமாகிப் போகப்போகிறவள்தானே, என்ன இப்போது?

முன்வரிசையில் இருந்த அண்டைவீட்டு மாவ்ஷி, வாளையும் மீசையையும் பார்த்துவிட்டு இது சிவாஜி மகாராஜ் கதை என்றே முடிவுசெய்து ‘ஜெய் பவானி’ என்று குரல்கொடுத்தார். அன்றைக்கு விழுந்த கைதட்டல்களில் பெரியது அதற்குத்தான். இதே நாவலை 1999-ல் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் மேஜிக் லாண்டர்ன் குழுவினர் மேடையேற்றியிருந்ததைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நாடக வடிவத்தை எழுதியவர் குமரவேல். பின்னால் மணிரத்னத்துக்கும் திரைக்கதையில் துணைநின்றவர் அவர்தான். அவர் ஒரே நெற்றியில் விபூதியும் நாமமும் பூசியிருக்கமாட்டார்.

2022 செப்டம்பர் 30 அன்று மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ முதல் படம் வெளியானபோது என் நாடகமெல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது. பாதுகாப்புப் படை மாதிரி குடும்பத்தோடு செம்பூர்ப் பக்கம் ஒரு தியேட்டரில் போய் உட்கார்ந்தேன். முதல் காட்சியே ராஷ்டிரகூடர்களோடு சண்டை. “ஆடிப்பெருக்கு எங்கே? ஏரிக்கரையில் குதிரை எங்கே?” என்று கிசுகிசுத்தேன். வீட்டுக்காரி முழங்கையால் இடித்தாள். “நந்தினி கொண்டை சாய்ஞ்சிருக்கணும், மணியம் அப்படித்தான் வரைஞ்சிருக்கார்” என்றேன். கல்கி என்ன எழுதினார் என்பதைவிட மணியம் என்ன வரைந்தார் என்பதுதான் எனக்கு வேதம். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் பணிவாகவே சொன்னான்: “அண்ணா, பிக்சர் தேக்னே தோ நா.” அதற்குப் பிறகு மனதுக்குள்ளேயே கணக்கெழுதிக்கொண்டேன்.

படத்தின் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ல் வந்தது. இந்தமுறை கூட வந்தவள் அக்கா மகள். கல்லூரிக்குப் போகிற பெண், தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் லோக்கலில் போகும்போதும் வரும்போதும் நாவல் முழுவதையும் ஒலிநூலாகக் கேட்டு முடித்திருந்தாள். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவளை அழைத்துப் போயிருக்கமாட்டேன். படம் விட்டு வெளியே வந்ததும், ஒரு கட்டிங் சாயை வாங்கிக் கையில் கொடுத்து, பெருந்தன்மையோடு ஆரம்பித்தேன்:

“என்ன இருந்தாலும் கடைசிக் காட்சியில கல்கியை அப்படியே வச்சிட்டாங்க. மதுராந்தகனுக்கு மகுடம் சூட்டுற இடம், நாவல்ல வரிக்கு வரி அப்படித்தான்.”

அவள் டீயை உறிஞ்சாமல் என்னைப் பார்த்தாள். “மாமா, நாவல்ல முடி சூட்டிக்கிறது சேந்தன் அமுதன்ல?”

நான் சிரித்தேன். பாவம், ஒலிநூல்காரர்கள் குழப்பியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

“சரி, அத விடுங்க. மணிமேகலையை எதுக்கு மாமா எடுத்துட்டாங்க? எனக்கு அதுதான் ஆறவே இல்லை.”

“அவ சின்ன கேரக்டர்மா. கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிடுவா.”

“யாரைக் கல்யாணம் பண்ணிக்கிறா? அவ செத்துப்போறதுலதானே மாமா கதையே முடியுது? வந்தியத்தேவன் மடியில!”

கோவண்டி ஸ்டேஷனுக்கு வருகிறவரை அவள் எனக்கு ஐந்தாம் பாகத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். வழியில் தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு பேர் எதிர்ப்பட்டார்கள், “மாமா கதை சொல்லுதாராக்கும்?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த நேரத்திலும் ஆட்டினேன்.

கல்கி நூல்கள் நாட்டுடைமையானவை. வேண்டியமட்டும் பதிப்புகள் உண்டு, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. படிக்க முடியாமல் போனதற்குச் சங்கத்துப் பேரேட்டை இத்தனை காலம் சாக்குச் சொன்னது எவ்வளவு பெரிய பித்தலாட்டம் என்பது அன்று இரவு கைபேசியில் ‘தியாக சிகரம்’ திறந்தபோது தெரிந்தது. பூக்கட்டிப் பாடித் திரிந்த சேந்தன் அமுதன்தான் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த உண்மையான பிள்ளை. அவனுக்குத்தான் அருள்மொழி மகுடம் சூட்டுகிறான். மணிமேகலை, வந்தியத்தேவனைக் காப்பாற்றுவதற்காகக் கரிகாலனைக் கொன்றவள் நானே என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள், சித்தம் கலங்குகிறாள், கடைசி அத்தியாயத்தில் அவன் மடியில் உயிரை விடுகிறாள். அவளுக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை பார்த்து, இரண்டு பிள்ளைகளையும் கொடுத்தது கல்கி அல்ல, என் அம்மா. மாவு தள்ளுகிற பையன் அழுதால் கை வேகம் குறையும் என்று நினைத்தாளோ, அவளுக்கே மனசு வரவில்லையோ, கேட்பதற்கு இன்று அவள் இல்லை.

இதில் எனக்கு இன்னொரு அதிர்ச்சியும் இருந்தது. ஆள்மாறாட்டத்தை எடுத்துவிட்டு மகுடத்தை நேராகச் சித்தப்பன் தலையில் வைத்த வகையில், என் அம்மாவும் மணிரத்னமும் ஒரே திருத்தத்தைச் செய்திருக்கிறார்கள். அந்தத் திருத்தம் சரித்திரத்துக்குப் பக்கத்திலும் இருக்கிறது. கண்டராதித்தர் மகன் உத்தம சோழன் அரசாண்டான், அவனுக்குப் பின் 985-ல் இராஜராஜன் பட்டத்துக்கு வந்தான். கல்வெட்டுகள் சொல்வது அவ்வளவுதான். பூக்காரப் பிள்ளை, குழந்தை மாற்றம் எல்லாம் கல்கி சேர்த்தவை. நந்தினியையும் அவர்தான் உண்டாக்கினார். கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. நீலகண்ட சாஸ்திரியாரையும் சதாசிவப் பண்டாரத்தாரையும் படித்த கல்கிக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும், கொலை நடக்கும் அறையில் விளக்கை அணைத்து, கொன்றது யார் என்பதை வாசகர் தலையில் போட்டுவிட்டுப் போனார். மூன்றரை வருஷம் வாரம் தவறாமல் தமிழ்நாடு அந்த இருட்டில் காத்திருந்தது. சரித்திரத்துக்கு உண்மையாக இரு என்று அப்போது ஒருவர் அவர் கையைப் பிடித்திருந்தால், நமக்கு இந்த நாவலே கிடைத்திருக்காது.

வெட்கத்தில் கொஞ்சம் படித்தேன். படித்ததெல்லாம் என் வாதத்துக்கு எதிராகவே இருந்தது. கல்கியின் ‘தியாக பூமி’யை விகடனில் தொடராகப் போட்டபோது, ஓவியத்துக்குப் பதில் கே. சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த படத்தின் புகைப்படங்களையே அச்சிட்டார்கள். 1939-ல் படமும் வந்தது. எது மூலம், எது நகல்? ‘பொன்னியின் செல்வ’னை எம்.ஜி.ஆர். எடுக்க நினைத்தபோது திரைக்கதை எழுத உட்காரவைத்தது, அப்போது இளைஞராக இருந்த மகேந்திரனை. அந்தப் படம் வரவில்லை. அதே மகேந்திரன் 1978-ல் உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ நாவலைப் படமாக்கினார். நாவலை முழுக்கப் படிக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைப் படித்தபோது ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவரும் கடைசிவரை படிக்காதவர், நானும் கடைசிவரை படிக்காதவன். அவர் கையில் அந்தப் படத்து நாயகன் காளி பிறந்தான். என் கையில் நாமம் போட்ட சிவனடியார்.

நாவலாசிரியர்கள் பக்கம் நியாயமில்லை என்று சொல்லவரவில்லை. ஆர். கே. நாராயணின் ‘தி கைட்’ 1965-ல் இந்திப் படமானபோது கதை நடக்கும் மால்குடியை ராஜஸ்தானத்து அரண்மனைகளுக்கு இடம்மாற்றினார்கள். மனிதர் நொந்துபோய் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். சுஜாதா லண்டனில் நடப்பதாக எழுதிய ‘ப்ரியா’, படத்தில் சிங்கப்பூருக்குப் போனது. இடம் மாறினால் ஆள் மாறிவிடுகிறான் என்பது உண்மைதான். கோவண்டியில் நடக்கிற ஒரு கதையைப் பாந்த்ராவில் எடுத்தால் நானும் சண்டைக்குப் போவேன்.

ஆனால் எல்லா மாற்றமும் ஒரே சாதி அல்ல. பூமணியின் ‘வெக்கை’ 1982-ல் வந்த நாவல். வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகிற பதினைந்து வயதுச் சிதம்பரமும் அவன் அய்யாவும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிவதுதான் கதை. சாதியின் பெயரைக்கூடப் பூமணி உரக்கச் சொல்வதில்லை. வெற்றிமாறன் 2019-ல் ‘அசுரன்’ எடுத்தபோது தகப்பனுக்கு ஒரு முன்கதை கொடுத்தார், குடிசைகள் எரிவதைக் காட்டினார், மகனைப் பின்னுக்குத் தள்ளித் தகப்பனை நாயகனாக்கினார். பழைய நானாக இருந்தால் கணக்கெழுதியிருப்பேன். இப்போது பார்க்கும்போது, நிலத்துக்காக ஒரு குடும்பம் எதையெல்லாம் கொடுக்கவேண்டியிருக்கிறது என்ற பூமணியின் கேள்வி படத்தில் அப்படியே நிற்கிறது. சம்பவம் போய்விட்டது, கேள்வி போகவில்லை. எனக்கு அது போதும். நாவலின் கேள்வியைக் காப்பாற்றுகிற படம் எத்தனை அத்தியாயத்தை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.

அந்த அளவுகோலை வைத்தால் மணிரத்னத்தின்மேல் எனக்கு ஒரே ஒரு வழக்குத்தான் மிச்சம், அதுவும் அக்கா மகள் தொடுத்த வழக்கு. இரண்டாயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட கதையை இரண்டு படத்தில் ஐந்தரை மணி நேரமாகச் சுருக்கினார், வெட்டாமல் முடியாது. ஆனால் மணிமேகலை வெட்டக்கூடிய ஆள் இல்லை. நாவல் முழுக்க வந்தியத்தேவன் கண்ணில் படுகிற பெண்ணிடமெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு, பொய் சொல்லிக்கொண்டு, குதித்துக்கொண்டு போகிறான். அந்தச் சிரிப்புக்கு ஒருத்தி உயிரையே விலையாகக் கொடுத்தாள் என்பது கடைசி அத்தியாயத்தில் அவன் மடியில் கனக்கிறது. கல்கி தன் செல்லப்பிள்ளைக்கு வைத்த கேள்வி அது. படத்தில் வந்தியத்தேவனாக வரும் கார்த்தி கடைசிவரை சிரித்துக்கொண்டே இருக்கிறார், நமக்கும் பிடிக்கிறது. ஆனால் அவரிடம் அந்தக் கணக்கைக் கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. இதைச் சொல்லும் அருகதை, என் நாடகத்தில் பெண்பிள்ளை கிடைக்கவில்லை என்று அவளை வெட்டிய எனக்கு இல்லைதான். ஆனாலும் சொல்கிறேன்.

இவ்வளவும் தெரிந்தபிறகும் எங்கள் பக்கத்து இளைஞர்கள் என்னை விடவில்லை. வரும் பொங்கலுக்கு ‘வெக்கை’யை நாடகமாகப் போடவேண்டுமாம், புத்தகத்தை இந்தமுறை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டேன், அக்கா மகள் கேள்வி கேட்டுச் சோதித்தும் விட்டாள். தகப்பன் வேஷத்துக்கு ஆள் இருக்கிறது. சிதம்பரத்துக்குத்தான் இல்லை. கோவண்டி, மான்குர்டு, சீத்தா கேம்ப் பக்கம் பதினைந்து வயதுப் பையன் யாராவது, இந்தி கலக்காமல் கரிசல் தமிழ் பேசுகிறவனாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். இந்தி கலந்து பேசினாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்.